பாத்திரம் இரவல் கொடுத்த வீடுகள்

(அம்பத்தூரில் தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேதத்தை அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆவடி, பட்டாபிராம், கொரட்டூர், பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்துச் சபைகளில் ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்தால் அன்றாட வாழ்க்கை தானாகவே வெளியே விழும். சுகவீனம், வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு, கடன். முதல் நான்கையும் நம் ஜனங்கள் விவரமாக எழுதுவார்கள். சர்க்கரை எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், எல்லாம் இருக்கும். கடனுக்கு மட்டும் இரண்டே வார்த்தை: கடன் பிரச்சினை. எவ்வளவு, யாரிடம் வாங்கியது, என்ன வட்டி, எதற்காக வாங்கியது, ஒன்றும் இருக்காது. பல சீட்டுகளில் பெயரும் இருக்காது. 'ஒரு சகோதரி' என்று முடிந்திருக்கும். கர்த்தருக்குத் தெரியும், சபைக்குத் தெரிய வேண்டாம் என்று அர்த்தம். இன்று இந்த மறைப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறாள். எலிசா தீர்க்கதரிசியிடம் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். என் புருஷன் செத்துப்போனான், அவன் தேவபக்தியுள்ளவன் என்பது உமக்கே தெரியும், கடன் கொடுத்தவன் என் இரண்டு பையன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். யார் பட்ட கடன், யார் கேட்கிறான், எதைக் கேட்கிறான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். நம் விண்ணப்பச் சீட்டில் இல்லாத விவரம் முழுவதும் அவள் வாயில் இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் புருஷன் தேவபக்தி உள்ளவன், தீர்க்கதரிசியின் சீஷன். அவன் கடனோடு செத்திருக்கிறான். முதல் நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் யோசேபஸ், அவனை ஆகாப் ராஜாவின் அரண்மனையில் இருந்த ஒபதியா என்று சொல்கிறார். யேசபேலுக்குப் பயந்து நூறு தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்து வைத்துச் சாப்பாடு போட்டாரே, அந்த ஒபதியா. அந்தச் சாப்பாட்டுக்குத்தான் கடன் வாங்கினாராம். வேதத்தில் இது இல்லை, பழைய செவிவழிச் செய்தி. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் வேதத்தில் இருப்பதே போதும். எலிசா அந்த அம்மாளிடம், உன் புருஷன் தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தானா, வீட்டில் என்ன சாபம், யார் செய்த பாவம் என்று எதையும் விசாரிக்கவில்லை. யோபின் சிநேகிதர் பார்த்த வேலையை அவர் பார்க்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்கள் இரவல் கேள், கொஞ்சமாகக் கேட்காதே என்றார்.

இந்தப் பகுதியில் நாம் எப்போதும் எண்ணெயைப் பற்றித்தான் பிரசங்கிக்கிறோம். நான் அந்தத் தெருவைப் பற்றி யோசிக்கிறேன். புருஷனைப் பறிகொடுத்தவள், கடன்காரன் வாசலுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. அவள் வீடு வீடாகப் போய் அண்டா, குண்டா, செம்பு எல்லாம் கேட்கிறாள். 'எதுக்கு அக்கா இத்தனை?' என்று கேட்டிருக்க மாட்டார்களா? தாங்கள் கொடுக்கிற பாத்திரத்தையும் கடன்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருத்திக்காவது தோன்றியிருக்காதா? இருந்தும் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. எண்ணெய் எப்போது நின்றது? இன்னொரு பாத்திரம் கொண்டு வா என்றபோது, வேறே பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னான், அப்போது நின்றது. அந்தத் தெரு எத்தனை பாத்திரம் கொடுத்ததோ அத்தனை பாத்திர எண்ணெய். அதற்குப் பிறகு எலிசா கணக்கையும் சொல்லி அனுப்புகிறார்: எண்ணெயை விற்று, கடனை அடைத்து, மீதியை வைத்துப் பிழையுங்கள். கடனை அடை என்கிறார். கடன் மாயமாக மறைந்து போகவில்லை.

நம் பக்கத்துக் கடன் எங்கிருந்து வருகிறது? 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு ஆவடியில் டேங்க் ஃபேக்டரி என்று நாம் சொல்கிற கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, படையுடைத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் 1959இல் டன்லப் டயர் ஆலை, 1964இல் தொழிற்பேட்டை. ஆயிரத்து நானூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற தொழிற்பேட்டை. தெற்கே நாசரேத், சாயர்புரம் பக்கத்திலிருந்தும், வடஆற்காட்டுக் கிராமங்களிலிருந்தும் நம் அப்பாமார்கள் வந்து இறங்கியது இந்த வேலைகளுக்காகத்தான். நிரந்தர வேலை, பி.எஃப்., போனஸ், தவணையில் ஒரு மனை, அந்த மனை இருக்கிற நகரில் ஒரு சபை. நம் ஆலயங்கள் பல அப்படிக் கட்டப்பட்டவைதான். டன்லப் மூடுவதும் திறப்பதுமாக இழுத்தடித்து ஓய்ந்தபோது எத்தனை வீடுகள் ஆடிப்போயின என்று இங்கே தலை நரைத்த பலருக்கு நினைவிருக்கும். இப்போது அதே வேலை கான்ட்ராக்டில் நடக்கிறது.

லேத் ஒன்று போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட கம்பெனி 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போடலாம். போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது அவருக்குத் தெரியும். அதனால் தொண்ணூறு நாளோ நூற்றிருபது நாளோ காத்திருக்கிறார். நடுவில் இரும்பு வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் ரன் வட்டிக்குக் கடன் எடுக்கிறார். சனிக்கிழமை கூலி அடுத்த சனிக்குப் போகிறது. அந்தக் கூலியை நம்பியிருந்த வீட்டில் அக்கா குழு லோன் எடுக்கிறாள். மேலே ஒரு கையெழுத்து தாமதமானதற்குக் கீழே நாலு வீடு வட்டி கட்டுகிறது. அறுப்பு அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். பணத்துக்கே தொண்டை வைத்துப் பேசுகிறார். சபையில் கம்பெனியின் பில் பாஸ் பண்ணுகிற அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேசையில் தூங்குகிற பில் யாருடைய அரிசி என்று திங்கட்கிழமை ஒரு தடவை பாருங்கள்.

இதற்கு மேல் வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து மோட்டாரெல்லாம் நனைந்து, காயில் கட்டக் கொடுத்து, அதற்கும் ஒரு கடன்.

குழு லோன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆண்களுக்குச் சொல்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து எடுப்பது, ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூல் செய்ய வருகிறவர் கத்தவே வேண்டாம். கூட எடுத்த பெண்களே அவள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அவளை மானம் கெடுக்கிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இதைப் பற்றி ஒரு கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் அடகு வாங்க அடுத்தவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். வாங்கினவன் தானே எடுத்து வந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? கடன் வாங்கினவனுக்கும் வாசற்படி ஒன்று உண்டு, அதைத் தாண்டும் உரிமை பணத்துக்கு இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நுண்கடனுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன் வாங்கியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. மும்பையில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள் உபாகமம் படித்தார்களோ இல்லையோ, பொழுது சாயும் நேரத்தைச் சரியாகக் குறித்திருக்கிறார்கள். இந்த விதி நம் தாய்மார்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உபாகமம் தெரிந்தவர்களுக்கே இது தெரியாது.

அதே அதிகாரத்தில், திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்று ஒரு வசனம். கல் போனால் மாவு இல்லை, மாவு இல்லாவிட்டால் அப்பம் இல்லை. திரிகை என்பது அந்த வீட்டின் ஜீவனம். நம் ஊரில் அது லேத், தையல் மெஷின், ஷேர் ஆட்டோ. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவைப் பாருங்கள்: கடன் பட்டவரின் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. திரிகைக் கல்லும் போர்வையும் அப்படியே இருக்கின்றன. தவணையில் வாங்கிய ஆட்டோவுக்குக் கணக்கு வேறு. அது கடன் தீரும்வரை கம்பெனியிடம் அடமானத்தில் இருப்பது. ஆனால் ஒருவர் கைமாத்துக் கடனுக்காகத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்கிற தைரியம் சபையில் நாலு பேருக்காவது இருக்க வேண்டும்.

கடனில் மாட்டிய ஓர் ஐயரின் கதையும் நம் பக்கத்தில் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வேப்பேரி. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் தேசத்து ஐயர் ஒருவர் இருந்தார், யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1742இல் சென்னைக்கு வந்தவர். தமிழ் அகராதி செய்தார், ஞானப்பாட்டுகள் மொழிபெயர்த்தார், முழு வேதாகமத்தையும் தமிழில் பெயர்த்தார். லுத்தரன் சபையார் அந்த வேதாகமத்தை நெடுங்காலம் கைவிடவில்லை. அப்படிப்பட்டவர் வயதான காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறைக்குப் போனார். பிணைப்பட்டவன் படுத்திருக்கிற படுக்கையும் பறிபோகும் என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. அதைத் தமிழில் எழுதிய கை அதே காரியத்தில் மாட்டிக்கொண்டது. 1791இல் அவர் இறந்தார். திருச்சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு அது அவருடைய மொழிபெயர்ப்புக்கு இழுக்காகத் தெரியவில்லை. கடன் பட்டவன் விசுவாசம் இல்லாதவன் என்று சொல்ல வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்லும் பெயர் பப்ரிசியுஸ்.

அவர் சிறைக்குப் போனதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பு எழுதினார். கையில் வசதி இருந்தும் ஏமாற்றுகிறவன் வேறு. உண்மையிலேயே கொடுக்க முடியாதவனைக் கடனுக்காகச் சிறையில் போடுவது வாழ்வுரிமைக்கு விரோதம் என்றார். 'போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று மிரட்டுகிறவரை நம்பி ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டால் கதை மாறும். செக் பவுன்ஸ் ஆனால் அது குற்ற வழக்கு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் ஏராளம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நெகேமியா ஐந்தாம் அதிகாரம். எருசலேமின் மதில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்களும் அவர்களுடைய மனைவிமாரும் கூக்குரலிடுகிறார்கள். மனைவிமார் என்று வேதமே தனியாகச் சொல்கிறது. ஒரு கூட்டம் சாப்பாட்டுக்கு வழி இல்லை என்கிறது. ஒரு கூட்டம் பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்கிறது. இன்னொரு கூட்டம் ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள் என்கிறது. கடன் கொடுத்தது யார்? பாபிலோன்காரன் இல்லை, பெர்சியாக்காரன் இல்லை. பக்கத்தில் நின்று மதிலுக்குக் கல் எடுத்துக் கொடுத்த சகோதரன்.

அவர்கள் வாங்கியது நூற்றுக்கு ஒன்று. மாத வட்டி என்றே பலரும் பொருள்கொள்கிறார்கள். நம் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. இன்றைக்கு ஆவடியில் ஒருவர் ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தால் அவரை வள்ளல் என்போம்! அந்த ஒரு ரூபாய்க்கே நெகேமியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் தண்டல் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேர். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் எரிந்துபோனதை நாடே பார்த்தது. 2025இல் கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறார்கள்.

தண்டல் விடுகிறவர்களில் நம் சபைகளில் கை உயர்த்தித் துதிக்கிறவர்களும் உண்டு. ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துப் பெயரும் எழுதியிருப்பார்கள். கேட்டால் தாலந்து உவமையைக் காட்டுவார்கள்: எஜமானே வட்டிக்குக் கொடுத்திருக்கலாமே என்றாரே, ஐயா! உவமையில் வருகிற எஜமான் விதைக்காத இடத்தில் அறுக்கிறவன் என்று பேர் வாங்கினவன்; அவனிடம் போய் வட்டி விகிதம் கேட்காதீர்கள். நெகேமியா என்ன செய்தார்? பெரிய சபையைக் கூட்டி, முகத்துக்கு நேராகச் சொன்னார். அதைச் சொல்லும்போதே, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை நாம் விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். நிலம், வீடு, திராட்சத்தோட்டம் எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டினார்கள். வாய்ப்பேச்சை அவர் நம்பவில்லை. ஆசாரியரை வரவழைத்துச் சத்தியம் வாங்கினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

நாம் என்ன செய்கிறோம்? கடன் முறியும் ஜெபம் என்று போஸ்டர் ஒட்டுகிறோம். கடனில் மூழ்கினவனிடமே விதைக் காணிக்கை கேட்கிற கூட்டங்களும் நடக்கின்றன. விதைத்தால் நூறு மடங்கு என்று நம்பி, தண்டலில் வாங்கிக் காணிக்கை போட்டவர்கள் உண்டு. ஏழை விதவையின் இரண்டு காசை உதாரணம் காட்டுவார்கள். மாற்குவில் அந்தக் காசுக்குச் சற்று மேலே கண்ணை ஓட்டுங்கள். நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டித்து முடித்த மூச்சோடுதான் அந்த விதவை காணிக்கைப் பெட்டிக்கு வருகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் காணிக்கைப் பிரசங்கம் அவ்வளவு சுலபமாக வராது.

சபைக்கு ஒரு யோசனை மட்டும் வைக்கிறேன். கணக்குத் தெரிந்த, வாய் காக்கத் தெரிந்த இரண்டு பேரை ஏற்படுத்துங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கடன் பிரச்சினை என்று சீட்டு எழுதியவர் விரும்பினால் அவர்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதட்டும். எது தண்டல், எது நகைக் கடன், எது குழு லோன், எதற்கு வட்டி அதிகம். பாதிப் பேர் தங்கள் கடனைக் கூட்டிப் பார்த்ததே கிடையாது, பயம். கூட்டிப் பார்த்தால், பீரோவில் கிடக்கிற வளையலை வங்கியில் வைத்துத் தண்டலை முடித்துவிடலாம் என்பது போல ஏதாவது ஒரு வழி சில வீடுகளில் தெரியும். சில வீடுகளில் தெரியாது. அங்கே சபைதான் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடப் பீஸ், ஒரு மாத அரிசி, பெரிய கம்பெனியில் ஒரு நல்ல வேலைக்குச் சிபாரிசு. இதெல்லாம் வெறும் பாத்திரங்கள்தான்.

பணமாக உதவ முடியாதவர்களிடம் ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். இங்கே வேதம் இரண்டு பக்கமும் பேசுகிறது. அடுத்தவனுக்குக் கையடித்துப் பிணைப்படாதே, மாட்டிக்கொண்டால் வேடன் கையிலிருந்து மான் தப்புவது போல ஓடு என்கிறது நீதிமொழிகள். பவுலோ பிலேமோனுக்கு எழுதுகிற கடிதத்தில், உன் அடிமை ஒநேசிமு உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுது, நான் செலுத்துவேன், என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். எது சரி என்று கேட்டால், இரண்டும். நீதிமொழிகள் சொல்வது, யாருக்கு, எவ்வளவுக்கு என்று தெரியாமல் முகத்துக்காகப் போடுகிற கையெழுத்தை. பவுல் தான் சிறையில் பெற்ற மகன் என்று சொன்னவனுக்காக, அவனைத் தெரிந்து, தானே கட்டுவதற்கு ஒத்துக்கொண்டு எழுதுகிறார். திரும்பி வராது என்று நினைத்துப் போட முடிகிற கையெழுத்தை மட்டும் போடுங்கள். போட்டுவிட்டால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கணக்கை என் பேரில் எழுது என்ற பவுல் அதோடு நிறுத்தவில்லை. எனக்குத் தங்க ஓர் இடமும் ஆயத்தம் பண்ணி வை என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். ஒநேசிமுவை எப்படி நடத்தினாய் என்று பார்க்க ஒரு நாள் நேரில் வருவார் என்பது பிலேமோனுக்குப் புரிந்திருக்கும்.